கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்த அண்ணனுக்கு

அண்ணா,

இன்று காலை ஆம்பூர் பஜாரில் மீன்காரம்மா, "நீயே பாத்து எடுத்துக்க ஆயா" என்று ஐஸ் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். கையை விட்டேன். ஐந்து விரலும் எரிந்தன. "ஜில்லுன்னெல்லாம் இருக்காது, நெருப்பு மாதிரி சுடும்" என்று பனிக்கடல் தண்ணீரைப் பற்றி நீ சொன்னபோது நான் நம்பாமல் சிரித்தவள்.

நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய வருடம் நீ மதராசில் கப்பல் ஏறினாய். வடகோடிப் பனிக்கடலில் கடல்நாய் வேட்டைக்குப் போகும் கப்பலுக்கு, பச்சைத் தோலுக்கு உப்புப் போடத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த நைனாதான் உன் பெயரைச் சொன்னார். "எம்புள்ள உப்புப் போட்டா ஒரு முடி உதிராது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரே வருடத்தில் திரும்பி வந்துவிட்டாய். வேட்டை தொடங்கும் முன்பே கப்பலைத் தள்ளும் அடி விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டதாம். கிணற்றில் குதித்து வளர்ந்தவன் நீ. ரப்பர் உடுப்பு மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முங்கினாய். மூன்றாவது முறை விசிறி விடுபட்டுவிட்டது. ஆனாலும் நீ மேலே வரவில்லை. பனிக்கட்டியின் அடிப்பக்கம் விளக்கேற்றியதுபோல் பச்சையாக இருந்ததாம். கறுப்புப் பறவைகள் மேலிருந்து விழுந்து, தண்ணீருக்குள்ளேயே சிறகடித்து மீன் பிடித்தனவாம். அப்புறம் அது வந்தது, கடல்நாய். உடம்பெல்லாம் புள்ளி. பனிமேல் புழுவாக நகர்கிற மிருகம், தண்ணீரில் பட்டுத்துணி மாதிரி வளைந்து வந்து, உன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்ததாம். கப்பல்காரர்கள்தான் உன்னை மேலே இழுத்தார்கள்.

மறுநாள் வேட்டை. முதல் தோலை உன் முன்னால் போட்டார்கள். கொழுப்பைச் சீவ எடுத்த கத்தியை நீ கீழே வைத்துவிட்டாய். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள்.

ஷாப்பில் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். "தோலு எத்தினி அடி வரும்?"

"தெரியாது."

"அம்மாந்தூரம் போயி அதக்கூட அளக்கலியா? இன்னா தோஸ்து, நாய்னு சொல்றியே, கொலச்சுதா?"

நீயும் சேர்ந்து சிரித்தாய். நைனா சிரிக்கவில்லை. ஊர் முன்னால் அவர் சொல்லை நீ பொய்யாக்கிவிட்டாய். ஆறு மாதம் உன்னோடு ஒரு வார்த்தை இல்லை. "சாப்பிடச் சொல்லு அவன" என்று என்னிடம்தான் சொல்வார். நீ மன்னிப்புக் கேட்கவில்லை. ஷாப்புக்குத் தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டை வண்டி ஓட்டினாய். தோலை மட்டும் தொடவில்லை. இப்படியே அப்பனும் பிள்ளையும் பேசாமலே போய்விடுவீர்களோ என்று எனக்குப் பயம்.

ஒரு ஞாயிறு மதியம், தட்டைப் பார்த்தபடியே நைனா கேட்டார்: "டேய், அதும் கண்ணு எப்டிடா இருந்துச்சு?"

நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"பெருசா, கறுப்பா இருந்துச்சு நைனா. நம்ம கண்ணுக்குட்டிக்கு இருக்கும் பாரு, அப்டி."

அவர் சோற்றைப் பிசைந்தார். "முப்பது வருசமா தோலு பாக்கறேன். கண்ணோட ஒண்ணுகூட எங்கிட்ட வந்ததில்லடா" என்றார். பிறகு என்னிடம் இல்லை, உன்னிடமே சொன்னார்: "கொழம்பு ஊத்திக்கோ."

நான் வேலூரைத் தாண்டிப் போனதில்லை அண்ணா, கடலையே பார்த்ததில்லை. நீ கண்ட பனிக்கடலைப் பேரப்பிள்ளைகளுக்கு நேரில் போய் வந்தவள் மாதிரி பெருமையாகச் சொல்கிறேன். யாருக்கும் சொல்லாமல் எனக்கென்று வைத்திருப்பது, அன்று நீ குழம்புச் சட்டியை உன் பக்கம் இழுத்த அந்தச் சத்தம்.