பெயர் சொல்லிப் பிரிந்தோம்

கிளென் ஈடன்,
ஒக்லாந்து.
14.9.1996

அன்பு மகள் வித்தியாவுக்கு,

நான் சுகம், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுகம். ரொறொன்ரோவில் நீயும் மாப்பிள்ளையாகப் போகிற பிரணவனும் அப்படியே இருக்கப் பிள்ளையார் துணை.

பிள்ளை, எங்கள் விவாகரத்து பேசி முடிந்துவிட்டது! சிரிக்காதே, கல்யாணம் பேசி முடித்த மாதிரி மனம் துள்ளுகிறது. நீங்கள் வழக்காடக் கோடு கச்சேரி என்று ஏறினால் இரண்டு பேரையும் கூப்பிடாமல் பதிவுத் திருமணம் செய்துவிடுவேன் என்று போனில் சொன்னாயே, அன்றைக்கிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கும் அப்படித்தானாம். அதனால் லோயர்மாரை நிறுத்திவிட்டு, நடுவில் இருந்து சமரசம் பேசுகிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் போனோம். வீடு எனக்கு, கார் அவருக்கு, அவர் ஏவன்டேலில் வாடகைக்கு இருப்பார், எல்லாம் தேநீர் ஆறுமுன் முடிந்தது. கடைசியில் கறிவேப்பிலை மரம் யாருக்கு என்பதில் வந்து நின்றுவிட்டோம். சான்ட்ரிங்ஹாமில் கன்று தேடி வாங்கியது தான் என்று அவர், குளிருக்கு வீட்டுக்குள் தூக்கி வைத்துக் காப்பாற்றியது நான் என்று நான். இவ்வளவையும் அந்தப் பெண்ணுக்குத்தான் சொன்னோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இங்கே பெயர் சொல்லி நேரே பேச வேண்டும், தமிழில் என்றாலும் சரி, அதுதான் விதி என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவரை இஞ்சேருங்கோ என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லிக் கூப்பிடாத வாய். வித்தியாவின்ர அப்பா என்று தொடங்கினேன், அது அவர் பெயரில்லையே என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, லிங்கேஸ்வரன், மரம் எனக்கு வேணும் என்று சொல்லியேவிட்டேன்! அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, சரி செல்வநாயகி, மரத்தை நீங்கள் வச்சிருங்கோ, அடியிலை வாற கன்று ஒண்டு தந்தால் காணும் என்றார். முதல் தடவையாக என்னை நீங்கள் என்றார் பிள்ளை! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அவருக்கும் தொற்றிக்கொண்டது. அந்தத் துணிவில், லிங்கேஸ்வரன், பிள்ளையைத் தாரைவார்க்கேக்கை பக்கத்திலை நிப்பியளோ என்று கேட்டேன். ஓம், வேறை எங்கை நிக்கிறது என்றார். அப்போதுதான் அழுதேன்.

ஆகவே பதிவுத் திருமணக் கதையை விடு, தை மாதம் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் இங்கே வந்து சேருங்கள். பிரணவனை இன்றைக்கே பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகு, என்னைப்போல் விவாகரத்து ஆகும் மட்டும் காத்திருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. அழைப்பிதழ் அடிக்கும்போது திருமதி லிங்கேஸ்வரன் என்று போட்டுவிடாதே, கவனம். எங்கள் இரண்டு பெயரும் வரட்டும், தனித்தனியாக, பக்கத்துப் பக்கத்தில்.

நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே நெடுங்காலம் வாழ வேண்டும்.

உன் அம்மா,
செல்வநாயகி