உங்கள் படத்துக்கு இன்னும் மல்லிகை இல்லை

என் பிரியத்துக்குரிய அத்தைக்கு,

பிரியம் என்று போட்டுவிட்டேன். போய்ச் சேர்ந்தவர்களுக்கு எழுதும்போது அப்படித்தான் தொடங்க வேண்டுமாம். நேற்று உங்கள் திதி. திருநகர் வீடு நிறைய ஆட்கள். உங்கள் கைப்பக்குவத்தையும், பேரனை நீங்கள் வளர்த்த அழகையும் பேசி மாய்ந்துபோனார்கள். நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசாததை எழுதுகிறேன். அவர்களும் படிக்கட்டும்.

உங்கள் படத்தில் கிடக்கும் மாலையைப் பார்த்தீர்களா? கனகாம்பரம். நீங்கள் போன நாளிலிருந்து அதுதான். தலையில் மல்லிகை இல்லாமல் சாயங்காலம் வாசலுக்கே வராதவர் நீங்கள். "அம்மாவுக்கு மல்லிதானே பிடிக்கும்" என்று உங்கள் மகனும் கேட்டுப் பார்த்துவிட்டார். நான் கனகாம்பரத்தையே போடுகிறேன். வாசனையில்லாத பூ போதும் உங்களுக்கு.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாதா?

சேகர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. என் பாலில் ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டுப் பார்த்தீர்கள். அது நிற்காமல் வழிந்தது. "தண்ணிப் பாலு. படிச்சவ மாருல பால் எங்கிட்டுடி வரும், மையிதான் வரும்" என்றீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். உங்கள் மகன் பால்பவுடர் டப்பா வாங்கக் கிளம்பினார். பி.ஏ. வரை படித்தவள் நான். அன்று என் வாயை எது கட்டிப்போட்டது?

பிறகு பால் வற்ற வேண்டுமே, அதற்குப் பூ வந்தது. உங்கள் கடைசி மகள் செல்விதான் வாங்கி வந்தாள், பாவாடை சட்டை போட்ட சிறுபெண். நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரத்தை என் மார்பில் சுற்றி, மேலே பழைய வேட்டியால் இறுக்கி முடிச்சுப் போட்டீர்கள். வாட வாட மாற்றினீர்கள். அடுத்த அறையில் பிள்ளை அழும்போதெல்லாம் பூவுக்குள் பால் கசிந்தது. புளித்த பாலும் மல்லிகையும் கலந்த வாசனை எப்படி இருக்கும், சொல்லுங்கள் அத்தை.

"புள்ள எங்கிட்டயே கெடக்கட்டும், நீ அடுப்பைப் பாரு" என்றீர்கள். பால் ஊட்டும் சங்கு உங்கள் கைக்குப் போனது, பிள்ளையும் போனான். அவன் உங்களை அம்மா என்றான். செல்வி என்னை மதினி என்று கூப்பிடுவதைக் கேட்டு, பெற்றவளை மதினி என்றான். நீங்கள் திருத்தவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். இப்போது அவனுக்கு மீசை அரும்புகிறது. பசி வந்தால் இன்றும் "மதினி, சோறு" என்றுதான் வாய் தவறுகிறது.

இனி இந்த வீட்டுச் சேதி. சோழவந்தானிலிருந்து செல்வி பிரசவத்துக்கு இங்கே வந்தாள். தாயில்லாத பெண்ணுக்குத் தாய்வீடு நான்தானே? பெண் குழந்தை. உங்கள் மூக்கு.

ஒரு வாரத்தில் குழந்தை வீறிட ஆரம்பித்தது. செல்வி நகத்தை நீட்டிக் காட்டினாள். "பாருங்க மதினி, நிக்காம ஓடுது. தண்ணிப் பாலு. அம்மா இருந்தா இந்நேரம் டப்பா வாங்கிட்டு, பூவும் கட்டிவிட்டுருக்கும். பூ வாங்கியாங்க மதினி."

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், அத்தை. உங்கள் மகளும் அதை அனுபவிக்கட்டும் என்றுதான். முடிச்சை எவ்வளவு இறுக்குவது என்றுகூட யோசித்துக்கொண்டே போனேன்.

"எம்புட்டுக்கா வேணும்? வீட்ல விசேசமா?" என்றாள் பூக்காரி. "ஆமா, விசேசம்தான்" என்றேன்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே குழந்தையின் அழுகை கேட்டது. இத்தனை வருஷம் கழித்து, நீங்கள் வற்றவைத்த இடம் சுரீரென்று இழுத்தது. பூவை அப்படியே வாசல் சாக்கடையில் போட்டேன்.

உள்ளே போய், "நகத்துக்கு என்னடி தெரியும்? புள்ள எத்தனை துணி நனைக்கிதுன்னு பாரு. அழ அழ மாருல போடு" என்றேன். போட்டாள். இப்போது கொடி முழுக்க ஈரத்துணி. குழந்தையின் தொடையில் மடிப்பு விழுந்துவிட்டது.

நேற்றுத் திதிச் சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு, பால் கொடுத்துக்கொண்டே செல்வி கேட்டாள்: "அப்ப உங்களுக்கும் பால் இருந்துச்சா மதினி?"

"இருந்துச்சு."

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். பிறகு, "நான்தான பூ வாங்கியாந்தேன்" என்று அழுதாள். "அம்மா எதுக்கு அப்படிச் செஞ்சுச்சு?" என்றாள். அப்ப நீ சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும் என்று நான் தேற்றியிருக்கலாம். தேற்றவில்லை. உங்கள் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து அழட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் மகளுக்குத் தெரிந்துவிட்டது, அத்தை. இனி யாருக்குத் தெரிந்தால் என்ன?

ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் குழந்தை வயிறு நிறையக் குடித்து, தானாகப் பால்குடி மறக்கிற நாளில் உங்களுக்கு மல்லிகை வாங்குவேன். நெருக்கமாகக் கட்டிய சரம். உங்கள் படத்தின் நெஞ்சு மறையச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போடுவேன். வாட வாட மாற்றுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பேரனுக்கு அம்மா,
கோமதி