அப்பா ஊதிக் காட்டினார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீ, மாப்பிள்ளை, குட்டிப் பயல் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? பயலுக்கு வயிற்று வலி நின்றதா? படத்தில் உன் கண் குழி விழுந்து கிடக்கிறது. அவன் தூங்கும்போது நீயும் தூங்கு, துணி மடிக்க உட்காராதே.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பாவுக்குக் காது நீண்டுவிடும். இது அவர் காதில் விழக் கூடாத விஷயம்.

போன வாரம் நீ, "அப்பாவுக்குப் பேரன் மேல ஆசையே இல்லையாம்மா?" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. வீடியோவில் அவர் கதவோரமாக நிற்பதும், வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு வார்த்தை பேசுவதும், வரச் சொன்னால் கடையைச் சாக்குச் சொல்வதும் உனக்கு அப்படித்தான் தெரியும். உண்மை வேறு. தன் வாய் நாறுகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார் மனிதர். போன் வழியாக நாற்றம் எப்படிப் போகும் என்று கேட்டால் இன்னும் ஓரடி தள்ளி நிற்கிறார். பக்கத்தில் இருக்கிற எனக்குத் தெரியாதா என்றால், "உனக்குப் பழகிப்போச்சு" என்கிறார்.

கடையிலும் இதே கூத்துதான். மூக்குக் கண்ணாடி மாட்டிப் பார்க்க வருகிறவர்களின் முகத்துக்கு எதிரே குனிய வேண்டிய தொழில். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதுக்குப் பின்னால் கம்பியை வளைப்பார். முகம் சிவந்துபோகும். வந்தவர்கள் இவருக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். பேரனைத் தூக்கினால் அவனும் முகம் சுளிப்பானே என்றுதான் அங்கே வர மறுக்கிறார். இதை அவர் வாயாலேயே கேட்ட பிறகு பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே மூச்சைச் சோதிக்க ஒரு மெஷின் இருக்கிறது. வருகிற அன்று பல் தேய்க்கக் கூடாது, காபி கூடாது, வாயில் எதையும் போடக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இவரோ வெளியே காத்திருந்தபோது எனக்கே தெரியாமல் கிராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டார். ஊதியதும் டாக்டரம்மா சிரித்துவிட்டு, "என்ன சார், பரீட்சைக்கு பிட் அடிக்கிற மாதிரி வந்திருக்கீங்க? சும்மா வந்தாதானே கண்டுபிடிக்க முடியும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு மானம் போயிற்று. அடுத்த முறை சட்டைப் பையைத் துழாவிய பிறகுதான் வாசலைத் தாண்ட விட்டேன்.

அன்று வாயை மூடிச் சிறிது நேரம் உட்கார வைத்து, குழாயை வாயில் வைத்து மெஷினில் பார்த்தார்கள். மூக்கால் மட்டும் மூச்சு விடச் சொன்னார்கள். நாக்கைச் சுரண்டி முகர்ந்தார்கள். கடைசியில் டாக்டரம்மா தன் முகத்தைக் கிட்டத்தில் கொண்டு வந்து, "சத்தமா ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க சார்" என்றார். இவர் எண்ணினார். அந்தம்மா விலகவே இல்லை. பாதி எண்ணும்போதே இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாற்றம் துளியும் இல்லை. மெஷினும் அதையேதான் சொன்னது. மெஷின் ரிப்பேராக இருக்கும் என்கிறார் உன் அப்பா. டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்து, "இது வாயில இல்லம்மா, மனசுல. யாரோ எப்பவோ சொன்னது தங்கிப்போச்சு. அதுக்கான டாக்டர்கிட்டயும் காட்டுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதற்கும் கூட்டிப் போகிறேன்.

வீட்டுக்கு வந்து, யார் சொன்னது என்று குடைந்தேன். சொன்னது நீதான். நீ பள்ளிக்கூடம் சேர்ந்த புதிது. கடையில் ஏதோ ரகசியம் சொல்ல உன் காதோரம் குனிந்தாராம். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு, "வாடை அடிக்குது, தள்ளிப் போப்பா" என்றாயாம். அன்றைக்கு வெங்காயம் தின்றிருப்பார், வேறென்ன. உன் மேல் அவருக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. "குழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்கிறார். அதுதான் வினையே. நீ அழாதே, அது அறியாத வயசு.

அழுது சண்டை போட்டு டிக்கெட் எடுக்க வைத்துவிட்டேன். அடுத்த மாதம் வருகிறோம். பெட்டிக்குள் ஒரு கட்டு முகக்கவசம் வைத்திருந்தார், எடுத்து ஒளித்துவிட்டேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வந்ததும் பயலை அவர் மடியில் போடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, கூசிப்போவார். கேட்பதானால் ஒன்றே ஒன்று கேள், அன்றைக்கு என்ன ரகசியம் சொல்ல வந்தீர்கள் என்று. என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார். காதைக் கிட்டக் கொண்டு போ. அவர் சொல்லி முடிக்கும்வரை விலகாதே, கண்ணே.

உன் அம்மா