உபவாசத்தை முடித்துவைத்தவளுக்கு

பக்கத்து வீட்டில் பூண்டுக் கஞ்சி கொதிக்கிறது. வாசனை சன்னல் வழியே வந்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது.

நோணாங்குப்பம் தாண்டி ஒரு தோப்பில் ஜெபக்கூட்டம் நடத்தியவன், உலகம் முடியப்போகிறது, சாப்பிடாமல் காத்திருங்கள் என்று சொல்லிச் சிலரைச் சாகடித்தானே, அதில் நம் தெரு ரோசாலியின் மகனும் ஒருவன். ரோசாலியைப் போலீஸ் உயிரோடு மீட்டுக்கொண்டு வந்தது. ஊர் என்ன பேச்சுப் பேசியது! டிவியில் சிரித்தார்கள். நம் மாதா கோயில் ஞாயிறு பூசையில் சாமியார் கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றி முழங்கினார். அம்மன் கோயில்காரர்கள் தெருமுனையில் பூசணிக்காய் உடைத்தார்கள். நான் மட்டும் யோக்கியமா? நம் தெருக் கத்தோலிக்கர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்குச் செயலாளர் நான். "கோயில வேணாம்னு போனவங்க வீட்டுக்கு நாம எதுக்கு ஜெபமாலைக்குப் போவணும்?" என்று கேட்டதே நான்தான்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அக்கம்பக்கம்தான் சோறு கொடுக்கும். அந்த வீட்டுக்கு யாரும் கொடுக்கவில்லை. நீதான் பூண்டுக் கஞ்சி வைத்து எடுத்துப் போனாய். உன்னைத் திட்டிக்கொண்டே நானும் பின்னால் வந்தேன். ரோசாலி கஞ்சியைத் தொடவில்லை. உபவாசத்தை முறித்தால் மகனுக்கு மோட்சம் கிடைக்காது என்று இன்னமும் நம்பினாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று எனக்கே பயமாகிவிட்டது.

நீ வாதாடவே இல்லை. அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

"எனக்கு சுகர் இருக்கு ரோசாலி. ஊசி போட்டுட்டுத்தான் வந்தேன். நீ சாப்புடாம நானும் சாப்புட மாட்டேன்."

அரை மணி நேரத்தில் உன் கை நடுங்கியது, முகமெல்லாம் வியர்த்தது. பாவி, நிஜமாகவே போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாய்! ரோசாலி பதறிப்போய் உன் வாயில் கஞ்சியை ஊற்றினாள். நீ அவள் கையை விடவில்லை. அழுதுகொண்டே அவளும் ஒரு வாய் குடித்தாள்.

இப்போது அன்பியத்துக்கு வருகிறாள். போன வாரம் எல்லோரும் போன பிறகும் என் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜெயிலில் இருக்கும் அந்தப் போதகனின் தாய் கருவடிக்குப்பத்தில் தனியாக இருக்கிறாளாம், யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

"போய்ப் பாத்துட்டு வரலாமாக்கா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவனைப் பெற்றவளையா? ஆனால் மகனைப் பறிகொடுத்தவளே கேட்கும்போது எனக்கென்ன வந்தது? உன் பொறுமை எனக்கு வராது. ஒருத்தி துணைக்குக் கூப்பிட்டால் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பும் பழக்கம் மட்டும் உன்னால் வந்துவிட்டது.

கதவைத் திறந்த அந்தக் கிழவிக்கு, வந்திருப்பது யாரென்று தெரிந்ததும், வாருங்கள் என்று சொல்லக்கூடத் தைரியம் வரவில்லை. ரோசாலி செருப்பைக் கழற்றினாள். நானும் கழற்றினேன்.