உளுந்தங்கஞ்சிக்குப் பூட்டுப் போட்ட அதிகாரிக்கு மாதேவியார் விடுத்த ஓலை

மழை தவறாது பெய்க. அளங்களில் உப்பு விளைக. நெடுவயல் நாட்டில் எந்த வீட்டு அடுப்பும் அணையாதிருக்க.

ஏழு துறைகளுக்கும் இரண்டு கணவாய்களுக்கும் உரியவரும், மாகழி நகரில் வீற்றிருந்து செங்கோல் செலுத்துபவருமான இளம்பிறை மாதேவியார், தென்கரைக் கூற்றத்து அதிகாரி கோவிந்த முனையரையருக்கு விடுக்கும் ஓலை. தேவியார் சொல்லச் சொல்ல எழுதியவன் ஓலைநாயகம் கீரன் சாத்தன். வழக்கமாக இவ்விடத்தில் பெறுபவரின் வீரமும் ஈகையும் நான்கு வரிக்குக் குறையாமல் பாராட்டப்படும். அடியேனும் எழுத்தாணியைத் தீட்டிக்கொண்டு அதற்கு ஆயத்தமாகத்தான் இருந்தேன். இம்முறை அது வேண்டாம் என்று தேவியார் பணித்துவிட்டார். ஆகவே உமது கூற்றத்துக் குடிகளுக்கு வாழ்த்து உண்டு. உமக்கானதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

சென்ற முழுநிலவுக்குப் பின் நான்காம் நாள், தென்கரையின் ஊர்தோறும் நீர் பறையறைவித்தீர். தோலுளுந்தும் பச்சரிசியும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கூட்டிக் காய்ச்சும் கஞ்சிக்கு இனி 'அரசமுது' என்று பெயர் என்றும், அது மாதேவியாரின் அரண்மனையில் பிறந்தது என்றும், உமது மடைப்பள்ளித் தலைவரின் இசைவோலை இல்லாமல் அதைக் காய்ச்சுபவரும் பிறருக்குச் செய்முறை சொல்லித் தருபவரும் காவலில் வைக்கப்படுவர் என்றும் அறிவித்தீர். மாதேவியாரின் பெயரால் அறிவித்தீர். அந்தப் பெயருக்கு உரியவருக்கு அச்செய்தி வந்து சேர்ந்தது பன்னிரண்டு நாள் கழித்து, அதுவும் உப்பு வண்டி ஓட்டும் ஒருவன் வாய்வழியாக. முனையரையரே, ஓலை கொண்டு ஓடத்தான் உமக்கு ஆறு குதிரைகள் கொடுக்கப்பட்டுள்ளன. அவை கொள்ளு தின்றுகொண்டு சும்மா நின்றனவா என்று தேவியார் கேட்கிறார்.

அந்த வண்டிக்காரன் பெயர் சுடலை. வெள்ளளம் என்னும் உப்பளச் சேரியைச் சேர்ந்தவன். அரண்மனைக் களஞ்சியத்தில் உப்பை இறக்கிவிட்டு, போகாமல் நின்றானாம். ஏன் நிற்கிறாய் என்று கேட்ட சமையற்கட்டுப் பெண்களிடம், தன் மனைவி மாடத்தி பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள் ஆகிறது என்றும், பால் கட்டிப்போய்ப் பிள்ளை அழுகிறது என்றும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்த தன் மாமியார் பேராச்சியை அதிகாரியின் ஆட்கள் பிடித்துப் போய் ஒன்பது நாள் ஆகிறது என்றும் சொல்லியிருக்கிறான். பேராச்சி என்ற பெயர் உள்ளே வந்து சேர்ந்தபோது தேவியார் உண்டுகொண்டிருந்தார். பாதியில் கை கழுவிவிட்டு எழுந்தார்.

பேராச்சி யார் என்பது உமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நீர் முயலவும் இல்லை. ஆகையால் எழுதுகிறோம், நன்றாகப் படியும்.

மூன்று ஆண்டுக்கு முன் தேவியார் தம் தாய்வீட்டிலிருந்து நாற்பது நாள் பெண்குழந்தையுடன் திரும்பி வருகையில், முகத்துவாரத்தில் வெள்ளம் பெருகிப் பல்லக்கு வெள்ளளத்தில் நின்றுவிட்டது. நான்கு நாள் மழை ஓயவில்லை. உடன் வந்த மருத்துவர் வெள்ளத்துக்கு அக்கரையில் மாட்டிக்கொண்டார். பயணத்தின் அலுப்பிலும் அச்சத்திலும் தேவியாருக்குப் பால் வற்றிப்போயிற்று. குழந்தை அழுது அழுது குரல் இழந்து, பின்னர் அழுவதையும் விட்டுவிட்டது. அந்த அமைதியைப் போல் அஞ்சத்தக்க ஒன்றைத் தம் வாழ்நாளில் கேட்டதில்லை என்று தேவியார் இன்றும் சொல்கிறார். அன்று இடம் கொடுத்தவள் பேராச்சி. அரசி என்று கும்பிட்டு விலகி நிற்கவில்லை. "புள்ள பெத்த ஒடம்புக்கு அரசி, அடிமைன்னு தெரியுமா? குடி தாயி" என்று கலயத்தை வாயருகில் நீட்டினாள். வேளைக்கொரு கலயம் உளுந்தங்கஞ்சி. மூன்றாம் நாள் பால் சுரந்தது. குழந்தை குடித்தது. அந்தக் குழந்தையின் பிறந்தநாள் விருந்துக்குத்தான் சென்ற முழுநிலவில் நீர் பட்டுடுத்தி வந்திருந்தீர்.

அவ்விருந்தில் தேவியாரின் விருப்பப்படி அந்தக் கஞ்சி பரிமாறப்பட்டது. நீர் மூன்று கிண்ணம் குடித்தீர். குற்றமில்லை, அது குடிப்பதற்கு உரியதே. இது என்னவென்று கேட்டீர். தேவியார் சொல்லிக் கொடுத்த கஞ்சி என்று பரிமாறியவர் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பி, தேவியாரைக் குளிர்விக்க எண்ணி, நீராகவே பெயர் சூட்டிக் காவலும் போட்டுவிட்டீர். அரசர் உண்பதைக் குடிகளும் உண்டால் அரசுக்கு என்ன மதிப்பு என்று மன்றத்தில் கேட்டீராம். அரசர் தண்ணீரும் குடிக்கிறார், முனையரையரே. நாளை ஆற்றுக்குப் பூட்டுப் போடுவீரோ?

போதாக்குறைக்கு, உமது மடைப்பள்ளியில் அதே கஞ்சியில் குங்குமப்பூவும் பச்சைக் கற்பூரமும் போட்டு, இதுவே முறையானது என்று வேறு எழுதி வைத்திருக்கிறார்களாம். அதைக் கேட்டபோது தேவியாருக்கு வந்த கோபத்தை எழுத ஓலை போதாது. பிள்ளை பெற்றவளுக்குக் கற்பூரமா? கோயிலுக்கும் அடுப்படிக்கும் வேறுபாடு தெரியாதவரைத் தலைவராக வைத்திருக்கிறீரே!

இனி வெள்ளளத்து வழக்கம் ஒன்றைக் கேளும். அச்சேரியில் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குக் கறியோ கஞ்சியோ போனால், அதை ஆக்கும் பக்குவமும் கூடவே போயாக வேண்டும். பக்குவத்தை மறைத்துப் பண்டத்தை மட்டும் கொடுப்பது அங்கே வசைக்குரியது. இன்னொன்றும் உண்டு. பக்குவத்தை வாங்கியவள், அதை ஆக்கிப் பரிமாறும் போதெல்லாம் கொடுத்தவளின் பெயரைச் சொல்ல வேண்டும். கொடுத்தவளோ அவள் வீட்டாரோ, யாருக்குக் கொடுத்தோம் என்று ஒருபோதும் வாய் திறக்கக் கூடாது. சொன்னால் அது கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதாகிவிடும்.

மகளுக்குக் கஞ்சி காய்ச்சியபோது, தலைச்சூல் கொண்ட அண்டைவீட்டுப் பெண்கள் மூவரை அருகில் உட்கார வைத்துப் பேராச்சி பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்நேரம் உமது ஆட்கள் உள்ளே புகுந்து, கொதித்த பானையைக் கவிழ்த்துவிட்டு அவளைக் கொண்டுபோனார்கள். மன்றத்தில் நீர் அவளை வினவினீர். இசைவோலை எங்கே என்று கேட்டீர். அவள் சொன்ன விடையைத் திருத்தாமல் அவள் வாய்ச்சொல்லாகவே எழுதச் சொல்கிறார் தேவியார். "எம்மவளுக்குக் கஞ்சி காச்ச எவன்கிட்டய்யா ஓலை வாங்கணும்? பால் இல்லாம கெடக்குற புள்ளைக்கிட்ட போயி உங்க ஓலையைக் காட்டுங்க" என்றாள். சரியான கேள்விதானே? இதற்கு அரச அவமதிப்பு என்று நீர் பெயரிட்டீர். இளம்பிறை மாதேவிக்கே அக்கஞ்சியைக் கற்றுக் கொடுத்தவள் நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீர் இருக்கையை விட்டு எழுந்து அவளைப் பல்லக்கில் அனுப்பியிருப்பீர். அவள் சொல்லவில்லை. ஒன்பது நாள் நெற்கிடங்கின் இருட்டில் கிடந்தும் சொல்லவில்லை.

சுடலை உம்மிடம் வந்து இசைவோலை கேட்டிருக்கிறான். மடைப்பள்ளித் தலைவர் ஊரில் இல்லை, அடுத்த முழுநிலவு கழித்து வா என்று விடை கிடைத்திருக்கிறது. முழுநிலவு வரை பசியைப் பொறுத்திருக்கும்படி பதினைந்து நாள் பிள்ளைக்கு ஆணையிட உம்மால் முடியுமா? அண்டைவீட்டார் மூவரும் அச்சத்தால் உளுந்துப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். ஒருவர்க்கொருவர் சொல்லிக் கொடுத்தே வாழ்ந்த சேரியில், கஞ்சி என்ற சொல்லையே இப்போது தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள்.

உம்மைக் கடிந்துகொள்ளும் இந்த ஓலையில் தம்மை விட்டுவிடத் தேவியார் விரும்பவில்லை. அன்று விருந்தில் கஞ்சியைப் பரிமாறும்போது இது வெள்ளளத்துப் பேராச்சி கொடுத்தது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அரசவிருந்தில் அரசகுலத்தார் பெயர் தவிரப் பிற பெயர் சொல்லும் மரபில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு பெயரை விழுங்கியதால்தான் அதைச் சொல்லித் தந்தவள் இன்று பூட்டுக்குள் இருக்கிறாள். முதற்பிழை தம்முடையது என்று எழுது என்றார். அடியேன் தயங்கினேன். எழுத்தாணியைத் தாமே வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். எழுதிவிட்டேன்.

ஆகவே அறிக. இக்கஞ்சியின் பக்குவம் வெள்ளளத்துப் பேராச்சி கொடுத்தது. ஓர் உழக்குப் பச்சரிசி, அரை உழக்குத் தோலுளுந்து, ஒரு சிட்டிகை வெந்தயம். தனித்தனியே மணம் வரும்வரை வறுத்து, ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்க. எட்டுப் பல் பூண்டு தட்டிப் போட்டு, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவிடுக. கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடித்து ஊற்றுக. சுக்கு கொஞ்சம். கடைசியாகத் தேங்காய்ப்பால், அதை விட்டபின் கொதிக்க விடலாகாது, உடனே இறக்குக. கற்பூரம் கூடவே கூடாது. இதை நீர் பறையறைவித்த அதே ஊர்களில், அதே பறையால், ஒரு சொல் குறையாமல் அறிவிக்க வேண்டும். காய்ச்சத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தரலாம்; உற்றார், உறவினர், தோழியர், வழிப்போக்கர் எவரும் கேட்கலாம். நெடுவயல் நாட்டில் எந்த உணவுப் பக்குவத்துக்கும் இனி எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை.

இன்னும் ஒரு செய்தி உண்டு. உமது ஆணை இவ்வோலை படிக்கப்படும் வரை நடப்பில் உள்ளது. ஆணை என்றால் அது எல்லார்க்கும் பொதுவானது. இன்று விடியற்காலையில் உமது எல்லைக்குள், இசைவோலை இல்லாமல், ஒரு பெண் அக்கஞ்சியைக் காய்ச்சினாள். மாடத்தி இரண்டு கலயம் குடித்தாள். காய்ச்சியவள் வாசற்கதவை அகலத் திறந்து வைத்து, வந்து எட்டிப் பார்த்த பதினேழு பெண்களுக்கும் பக்குவம் சொல்லித் தந்தாள். அடிப்பிடிக்க விட்டதற்கு அவர்களிடம் திட்டும் வாங்கிக்கொண்டாள். உமது பறைப்படி இரண்டு குற்றம். அந்தப் பெண்ணின் பெயர் இளம்பிறை. செய்முறையை ஓலையில் எழுதியதால் அடியேனும் குற்றவாளியே.

எனவே ஆணை: எங்கள் இருவரையும் பிடித்துப்போக ஆளனுப்பும், அது முடியாதென்றால், கிடங்கின் பூட்டை உமது கையாலேயே திறந்து, பேராச்சியை உமது பல்லக்கில் ஏற்றி, நீர் அருகே நடந்து வாரும். பொழுது சாய்வதற்குள் வாரும். மாடத்திக்கு இன்னும் போதிய அளவு பால் சுரக்கவில்லை. பிள்ளை சற்றுமுன்தான் அழுதுவிட்டு உறங்கியது. அடுத்த கலயத்தை அவள் தன் தாய் கையால் குடிக்க வேண்டும்.

அரசின் சிங்க முத்திரை மாகழி நகரில் இருப்பதால், தேவியார் தம் கணையாழியை அரக்கில் பதித்திருக்கிறார். விரலில் உளுந்து மாவு ஒட்டியிருந்தமையால் முத்திரை சற்றுக் கலங்கியிருக்கும். அதைக் காரணம் காட்டி ஓலையை ஐயுற வேண்டாம். ஐயம் இருந்தால் நேரில் வந்து கேட்கலாம். எழுதப்பட்ட இடம், வெள்ளளம், பேராச்சியின் அடுப்படி. வீட்டுக்கு உரியவள் வந்து எழுந்திரு தாயி என்று சொல்லும் வரை தேவியார் இங்கிருந்து எழுவதாக இல்லை.