பதினேழாம் எண்

என் செல்லப் பேத்திக்கு ஆயா எழுதுவது.

நீ சர்க்கார் ஆராய்ச்சிக்காரர்களோடு வந்து நம் தெருச் சாயக்காரர்களிடம் சிறுநீர் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். "படிச்ச பொண்ணு, கேக்கறதைப் பாரேன்!" என்றாள் எதிர்வீட்டு ரேணுகாம்பாள். பெயர் வேண்டாம், எண் போதும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் புட்டியை வாங்கிக்கொண்டார்கள்.

நேற்று நெசவாளர் சங்கத்தில் முடிவை ஒட்டினார்கள். சிவப்புச் சாயத்தூள் உடம்புக்குள் போகிறது, பதம் பார்க்கச் சாயத் தண்ணீரை நாக்கில் வைக்காதீர்கள் என்று இருந்தது. நாங்கள் அதைக் கைத்தேர்ச்சி என்றல்லவா நினைத்திருந்தோம்! இன்று ஒருவரும் நாக்கில் வைக்கவில்லை. "உம் பேத்தி எங்க உசுரைக் காப்பாத்திச்சும்மா" என்கிறாள் அதே ரேணுகாம்பாள். ஐந்தாவதோடு நின்ற எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

பதினேழாம் எண்காரருக்குச் சிறுநீரில் ரத்தம் இருக்கிறது, உடனே பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், சீக்கிரம் வந்தால் குணப்படுத்தலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, தறிக்காரங்க பட்டுக்குக் காத்துக்கினு இருக்காங்க" என்று அவன் மறுத்தான். நான் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டேன். இன்று காலை சரி என்றான்.

வியாழக்கிழமை அழைத்து வருகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நில். அழுதுவிடாதே கண்ணு. உன் அப்பா உன் முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே வருவான்.

உன்னை எண்ணிப் பூரிக்கும்
ஆயா