இருட்டுக்கு நாம் வைத்திருந்த சைக்கிள்

என்னோடு சண்டை போடவும், சண்டை முடிந்ததும் சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளிவிடவும் இருந்த என் அஞ்சலை அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கப்போவதில்லை. நீ போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் உனக்குப் படைக்கிறேன். வடையோடு என் கோபத்தையும் சேர்த்தே இலையில் வைக்கிறேன். இந்த வருஷம் அது போதாது, எழுதியே ஆக வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஊர்ச் சேதி. ஊரின் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றிவிட்டார்கள். நமக்கு என்ன, நெல்லித்தோப்பை விட்டு வெளியே கால் வைத்தால் என்றைக்கும் அது டவுன்தான். பெயரை மாற்றியவர்களுக்கு நம் தெருச் சாக்கடையை மாற்ற நேரம் கிடைக்கவில்லை.

உன் பிள்ளை சேகருக்கு இரண்டு பிள்ளைகள். உன் மருமகள் கவிதா நல்லவள்தான், ஆனால் தேங்காய்ச் சட்னியை மிக்ஸியில் பாலாக்கிவிடுவாள். வீட்டில் எல்லார் கையிலும் செல்போன். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்து, "எங்க போனாலும் ஒரு போன் பண்ணிட்டுப் போ சித்தி" என்றான் சேகர். அதுவும் ஒரு கயிறுதான். மாட்டுக்குக் கழுத்தில், எனக்கு இடுப்பில்.

பேரன் ஓட்டும் சைக்கிளுக்கு ஆறு கியராம். கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது. மழை பெய்தால் முதுகில் சேற்றுக்கோடு போட்டுக்கொண்டு வருகிறான். ஒரு மூட்டை அரிசி வைக்க இடமில்லாத வண்டியை எவன் கண்டுபிடித்தான்? கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரக் கிழவிகள் வாடகை சைக்கிளில் தொப்பி போட்டுக்கொண்டு போகிறார்கள். என்னைவிட மூத்தவர்கள். அவர்களைப் பார்த்து எல்லாரும் சிரித்துக் கையாட்டுகிறார்கள். நான் போனால் மட்டும், "இந்த வயசுல உனக்கு எதுக்கு ஆயா இது?" ஏன், நான் இந்த ஊரில் பிறந்தது குற்றமா?

நம் சைக்கிள் இன்னும் இருக்கிறது அக்கா. டயர், செயின், பெடல் எல்லாம் பலமுறை மாறிவிட்டன. இரும்பு மட்டும் அதே இரும்பு.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாம் இரண்டு பேரும் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைத்தோம். எனக்குக் காலை ஆறு மணி முறை, உனக்குப் பகல் இரண்டு மணி முறை. விடிவதற்குள் நான் சைக்கிளில் போவேன். பகலில் நீ பஸ்ஸில் வருவாய். சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு, சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறுவேன். பத்து மணிக்கு மேல் பஸ் இல்லாத நேரத்தில் நீ அதில் வீடு திரும்புவாய். வெளிச்சத்துக்குப் பஸ், இருட்டுக்கு சைக்கிள். நீ நெட்டை, நான் குட்டை. சீட்டை நடுவில் வைத்து இரண்டு பேரும் இடுப்பு வலியில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோம்.

அப்போது மூலைவீட்டுக்காரன் தெருவில் நின்று என்ன சொன்னான், ஞாபகம் இருக்கிறதா? "ரெண்டு மருமவளையும் சைக்கிள்ல மேய விட்டிருக்காங்கப்பா!" நீ தலையைக் குனிந்துகொண்டு போனாய். நான் குனியவில்லை. அவன் போட்டிருந்த சட்டையின் கட்டம்கூட எனக்கு மறக்கவில்லை.

அப்புறம் நீ செத்துப்போனாய். மார்பில் கட்டி. டாக்டர்கள் நடக்கும் அதே தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டே, ஒரு டாக்டரிடமும் வாயைத் திறக்காமல் ஒரு வருஷம் மறைத்தாய். கேட்டால், "ஒண்ணுமில்ல வேதா, கொழுப்புக்கட்டி." நான் நம்பினேன். அதற்காக உன்னையும் மன்னிக்கவில்லை, என்னையும் மன்னிக்கவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் காரியம் முடிந்து முதல் நாள் வேலைக்குப் போனேன். இரண்டு மணி ஆனதும் சைக்கிளைத் துடைத்து ஸ்டாண்டில் உன் இடத்தில் நிறுத்திவிட்டு, பழக்கத்தில் பஸ் ஏறிவிட்டேன். நெல்லித்தோப்பு ஸ்டாப்பில் இறங்கும்போதுதான் கைக்குள் சாவி குத்தியது. அதை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய் எடுத்து வந்திருக்கலாம். போகவில்லை. மறுநாள் விடியுமுன் நடந்தே போனேன். அந்த ஒரு இரவு அது உனக்காக நிற்கட்டும் என்று விட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் முன்பு மார்க்கெட் திருப்பத்தில் சைக்கிளில் போன என்னை ஒரு ஸ்கூட்டர் இடித்தது. முழங்கை தேய்ந்தது. ஸ்கூட்டர்காரனை நான் திட்டிய திட்டில் கூட்டமே கூடிவிட்டது. பாவம், அவன் கையெடுத்துக் கும்பிட்டான். சேகருக்குச் சேதி போனது. சாயங்காலமே பின்சக்கரத்தைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"போதும் சித்தி. ஓட்டுனது போதும்."

"பூட்டுறதுக்கு நீ யாருடா?"

"உன் புள்ளதான். வேற யாரு?"

முழங்கைக்கு மஞ்சள் அரைக்க உள்ளே போனேன்.

அடுத்து நகராட்சித் தேர்தல் வந்தது. பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரிலேயே மேரி, மேரி என்று நம் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதே நகராட்சி. எத்தனையோ வருஷம் கழித்து இப்போதுதான் நடத்துகிறார்கள். நம் வார்டில் யார் நிற்கிறான் தெரியுமா? மூலைவீட்டுக்காரன். கிழவனாகிவிட்டான், பல்செட் கட்டியிருக்கிறான். கையெடுத்துக் கும்பிட்டு, "நம்ம ஆயா ஓட்டு நமக்குத்தான்" என்றான். உன் பிள்ளை அதே கட்சி. தன் பைக்கில் அவன் கொடியைக் கட்டியிருந்தான்.

ஓட்டு நாளன்று வாசலில் எதிர்க்கட்சி ஆட்டோ வந்து நின்றது.

"ஏறு ஆயா, கொண்டுபோயிட்டுக் கொண்டாந்து வுடறோம்."

"உன் ஆட்டோவுல ஏறுனா உனக்குத்தான் போட்டேன்னு தெருவே சொல்லும். போடா."

நம் ஊர் வழக்கம் அதுதானே. யார் வண்டியில் ஏறினாயோ அவனுக்கு உன் ஓட்டு. அப்புறம் உள்ளே போய் எதை அமுக்கினால் யார் பார்க்கிறார்கள்? சேகர் பைக்கைக் கிளப்பினான்.

"பின்னாடி ஒக்காரு சித்தி."

"கொடியக் கழட்டு, ஒக்காருறேன்."

"கழட்டுனா கட்சிக்காரனுங்க என்ன நெனைப்பானுங்க?"

"அப்ப சைக்கிள் சாவியக் குடு."

"முடியாது."

எனக்கு வந்த கோபத்தில் கேரியரைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்கினேன். முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டே தெருவில் இறங்கினேன். மூச்சு வாங்கியது. இரண்டு கட்சிக்காரர்களும் கொடியைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். சைக்கிள் கடைக் காதர் பாய் பாதி ஷட்டரைத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஒங்க வண்டிய நீங்களே திருடிட்டு வரீங்க?"

"பூட்ட ஒடைங்க பாய், பேச்சு அப்புறம்."

"தம்பி என்னைய வந்து கேட்டா?"

"ஆயா மேல பழியப் போடுங்க. எனக்குப் பழகிப்போச்சு."

இரண்டே அடி. பூட்டு வாயைப் பிளந்தது. ஏறி மிதித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். இப்போது முத்திரையும் இல்லை, மடிக்கிற சீட்டும் இல்லை. ஒரு பெட்டி. பொத்தானை அமுக்கினால் நீளமாகக் கத்துகிறது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. யாருக்குப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். யாருக்குப் போடவில்லை என்று உனக்குத் தெரியும்.

ஜெயித்தவள் மாதிரி திரும்பி வந்தேன் அக்கா. நம் தெரு முனையில் இடது பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் குழந்தை கையில் கலர் பாட்டிலோடு ஓடி வந்தது. நான் பார்க்கவில்லை. அதன் அம்மா போட்ட அலறலில்தான் பிரேக்கைப் பிடித்தேன். டயருக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"கண்ணு தெரியல ஒனக்கு?" என்று அந்தப் பெண் கத்தினாள்.

வண்டியை விட்டு இறங்கினேன். தெரியவில்லைதானே. இடது கண்ணில் பனி மூடின மாதிரி இருப்பது ஒரு வருஷமாக. ஸ்கூட்டர்காரன் மேலும் தப்பில்லை. வந்தவனை நான்தான் பார்க்கவில்லை. வெளியே சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று மறைத்தேன். உன்னை இருபத்திரண்டு வருஷமாக எதற்காகத் திட்டுகிறேனோ, அதையே செய்துகொண்டிருந்தேன்.

வீடுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். சேகர் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தெருவே சிரிக்குது சித்தி. பூட்ட ஒடைச்சிட்டுப் போயிட்டியாமே?"

"ஒடைச்சேன். அது தப்பில்ல. தப்பு வேற." எல்லாவற்றையும் சொன்னேன். கண், ஸ்கூட்டர், குழந்தை, எதையும் விடவில்லை.

அவன் கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கம்மாவும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிச்சு" என்றான். முப்பத்தைந்து வயது ஆம்பிளை, உன் பிள்ளை, அந்தப் பூட்டின் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். அவன் பூட்டியது சைக்கிளை இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இங்க பாரு. கண்ணக் காட்டுறேன். ஆபரேஷன்னா பண்ணிக்கிறேன். அதுவரைக்கும் வண்டிய நானே தொட மாட்டேன். நீ பூட்டக் கூடாது."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா ஓட்டுவேன்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா நானே உன்கிட்ட வந்து சொல்லுவேன். நீ கேக்க வேண்டியதில்ல."

தலையாட்டினான். மறுநாள் லீவு போட்டு அவனே கூட்டிப்போனான். பைக்கில் கொடி இல்லை. நான் கேட்கவும் இல்லை. கண்புரையாம். வலது கண் பரவாயில்லை, இடது கண்ணுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். நாம் கூட்டித் துடைத்த அதே கட்டடத்துக்குத்தான் போகிறேன், இந்தத் தடவை கட்டிலில் படுக்க. பயமாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. நீயும் பயந்துதான் வாயை மூடிக்கொண்டாயா அக்கா? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

மூலைவீட்டுக்காரன் ஜெயித்துவிட்டான். மாலையோடு ஊர்வலம் போனான். போகட்டும், அடுத்த தேர்தல் வராமலா போகும்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கட்டு அவிழ்த்ததும் இடது கண்ணால் முதலில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று கூட்டாமல் குறைக்காமல் உன் பிள்ளையிடம் சொல்லுவேன். உடம்பில் ஒரு சின்ன வலி வந்தாலும் அவனிடம் சொல்லுவேன். அம்மாவை ஒரு தடவை இழந்தவனை இன்னொரு தடவை ஏமாற்ற மாட்டேன். என் பிடிவாதம் முழுவதையும் இனி இதில்தான் வைக்கப்போகிறேன்.

உன் பிள்ளைக்குச் சித்தி,
உன்மேல் கோபம் தீராத உன் ஓரகத்தி,
வேதவல்லி